துடுப்படி

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். உன் மூட்டுவலி தேவலையா?

ஏரியில் சூரியத் தகடுகளை மிதக்கவிட்டு மின்சாரம் எடுக்கும் வேலை நன்றாகத்தான் போகிறது. நேற்று எங்கள் படகு ஒரு மீனவரின் வலையைக் கிழித்துவிட்டது. அவர் துடுப்பை ஓங்கி என் மண்டையில் போட்டார். ரத்தம் கொட்ட நீருக்குள் விழுந்தேன். நான் மூழ்குவதைப் பார்த்து அவரே குதித்து, தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டு, கன்னத்தில் இன்னும் இரண்டு அறைந்தார்.

“நீச்சல் தெரியாதவன் தண்ணி மேல வேலைக்கு ஏன்டா வந்தே? பெத்தவ இல்லையா உனக்கு?”

அதற்குத்தான் அழுதேன்.

ஐந்தே தையல், அப்பாவிடம் சொல்லாதே. போலீஸ் கேட்டபோது, வழுக்கித் தகட்டில் மோதிக்கொண்டேன் என்றேன். கிழிந்தது அவர் வீட்டுச் சோறு அல்லவா?

தம்பி போனில் உன் குரலைப் பதிந்து அனுப்பு. திட்டாகவே இருக்கட்டும். வேலைச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உன் மூத்தவன்