மிச்சத்துணிப் போர்வை

14 செப்டம்பர் 1962, வெள்ளி

தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போதே மாடிப்படியில் கூட்டம். ஒரு கையில் துணி, இடுப்பில் பிள்ளை. பஃபலோ ரோட்டில் மூன்று தையல் மெஷின் போட்டிருக்கும் பொம்பளை நான் ஒருத்திதான். பழைய மிதி மெஷின் ஒன்றைத் தவணையில் வாங்கி, அதற்கு இடம் வேண்டுமென்று கட்டிலை வராந்தாவுக்குத் தள்ளியவள். யாரும் தூக்கி விடவில்லை.

எப்போதும் போல எல்லாரிடமும் அரைக் கஜம் கூடுதலாகக் கேட்டு வாங்குகிறேன். "டிசைன் ஒத்து வரணும்ல" என்றால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. மிச்சத்துணி, வெட்டுகிறவளுக்குச் சொந்தம். இந்தத் தொழிலில் அதுதான் வழக்கம்.

இத்தனை வருஷமும் மிச்சத்தை மூட்டையாகக் கட்டி மெத்தைக்காரனிடம் போட்டேன். இந்த வருஷம் போடப் போவதில்லை. பொங்கலுக்குச் சமூக நிலையத்தில் கைவேலைக் கண்காட்சி வைக்கிறார்கள். துண்டுகளை முக்கோணமாக வெட்டி ஒன்றோடொன்று இணைத்து, அடியில் வேட்டித் துணி கொடுத்து, சுவர் அகலத்துக்கு ஒரு போர்வை தைக்கப் போகிறேன். என்னிடம் தைக்கக் கொடுக்கும் வெள்ளைக்கார ராணுவக்காரர் பெண்டாட்டி ஒருத்தி இப்படி ஒன்றைக் கப்பலில் கொண்டுவந்து வைத்திருந்தாள். பார்த்த அன்றே மனதில் பதிந்துவிட்டது.

வீட்டுக்காரர் கேட்டார்: "இந்த ஊர் வெக்கையில போர்வையா? யாரை வேக வைக்கப் போறே?"

29 செப்டம்பர், சனி

இரண்டு வீடு தள்ளி இருக்கும் பூவம்மா, மகள் தமயந்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். மஞ்சளில் சிவப்பு ரோஜா. விரலில் நிற்காமல் வழுக்குகிற துணி. அவள் புருஷன் வடிவேலு துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். ஹை ஸ்ட்ரீட் கடை வரைக்கும் போய் வாங்கியிருக்கிறார். எங்கள் தேக்கா வட்டாரத்தில் எந்தக் கடையிலும் இப்படி ஒன்று கிடையாது.

"பஃப் கை வேணும் பெரியம்மா. இடுப்புல சுருக்கு. பின்னாடி பெருசா முடிச்சு" என்றது பிள்ளை. பதினோரு வயது. ஒரு மாதமாக இதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கும் போல, மூச்சு விடாமல் சொன்னது.

"ரெண்டரை கஜம் இருக்குக்கா. பத்துமா?" என்றாள் பூவம்மா.

"பாத்துக்கலாம்" என்றேன். பத்தும். பார்த்ததுமே தெரியும்.

6 அக்டோபர், சனி

போர்வைக்கு நடு அமையவில்லை. சீட்டி, கோடு, கட்டம், மறுபடி கோடு. கண் எங்கே நிற்பதென்று தெரியாமல் அலைகிறது. சும்மா பார்க்கலாமே என்று அந்த மஞ்சள் துணியை நடுவில் விரித்தேன். போர்வை எழுந்து நின்றது.

தமயந்தி கவுனைக் கை இல்லாமல் வெட்டிவிட்டேன்.

காஜாவும் ஓரமும் தைக்க என்னிடம் வரும் சம்சுன்னிசா, "கை எங்கக்கா?" என்றாள்.

"துணி பத்தலை."

அவள் மேஜையில் மிஞ்சிக் கிடந்த மஞ்சள் துணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நான் ஒண்ணும் பாக்கல லா" என்று ஊசியில் நூல் கோக்கக் குனிந்துகொண்டாள்.

நகைக்கடைக்காரர் பெண்டாட்டி துணியாக இருந்தால் எடுத்திருப்பேனா? மாட்டேன். அவள் டேப் வைத்து அளப்பாள். பூவம்மா கேட்க மாட்டாள். அதனால்தான் எடுத்தேன். எழுதிவிட்டேன், போதும்.

20 அக்டோபர், சனி

கவுனைப் போட்டுப் பார்க்க வந்தார்கள்.

"கை, பெரியம்மா?"

"துணி பத்தலம்மா. இப்பல்லாம் கை இல்லாததுதான் பேஷன். வெள்ளைக்காரப் பிள்ளைங்க எல்லாம் இப்படித்தான் போடுது."

வியாபாரப் பேச்சு எனக்குத் தங்கு தடையில்லாமல் வரும். பிள்ளை இரண்டு தோளையும் கைகளால் பொத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்றது. பூவம்மா, "பரவாயில்லக்கா. நாங்கதான் கூடக் கொஞ்சம் வாங்கியிருக்கணும்" என்றாள். மன்னிப்புக் கேட்கிற குரலில். என்னிடம்.

சம்சுன்னிசா இன்று முழுக்கப் பேசவில்லை. பல் வலி என்றாள்.

27 அக்டோபர், சனி. தீபாவளி

காலையில் பலகாரத் தட்டோடு தமயந்தி வந்தது. மஞ்சள் கவுன், அதில் இரண்டு வெள்ளைக் கைகள். பூவம்மா தன் பழைய ரவிக்கையைக் கிழித்துக் கைத்தையலில் ஒட்டவைத்திருக்கிறாள். ஒன்று மேலே ஏறி, ஒன்று கீழே இறங்கி. நூல் வெளியே தெரிகிறது.

"என்கிட்ட கொண்டாந்திருந்தா ஒழுங்கா வச்சுக் கொடுத்திருப்பேனே" என்றேன். எப்படித்தான் என் வாய் அதைச் சொன்னதோ.

"அம்மாவே தச்சுச்சு பெரியம்மா. விரல்ல குத்திக்கிச்சு" என்று சிரித்தது.

அதன் கை நிறைய முறுக்கு கொடுத்தனுப்பினேன்.

28 அக்டோபர்

முறுக்கு கொடுத்தேனாம்.

9 டிசம்பர், ஞாயிறு

போர்வை முடிந்தது. சுவரில் மாட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இவ்வளவு அழகாக ஒன்றை நான் செய்ததில்லை. வீட்டுக்காரர்கூடக் கேலி பேசாமல் நின்று பார்த்தார்.

நடுவை மட்டும் பிரித்துவிடலாமா என்று இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருந்தது. பச்சையை வைத்துப் பார்த்தேன், ஊதாவை வைத்துப் பார்த்தேன். எதுவும் அந்த இடத்தில் நிற்கவில்லை. நூற்றுக்கணக்கான துண்டுகள். இதில் எவள் உட்கார்ந்து தன் துணியைத் தேடப் போகிறாள்?

13 ஜனவரி 1963, ஞாயிறு

எழுதாமல் இருக்க முடியவில்லை. 

முதல் பரிசு எனக்கு. ஒரு வெந்நீர் ஃபிளாஸ்க். மேடைச் சுவரில் போர்வையைத் தொங்கவிட்டு, மைக்கில் என் பெயரைச் சொல்லிக் கை தட்டினார்கள். முன் வரிசையில் இருந்த பெண்கள் எல்லாம் என் வாடிக்கைக்காரர்கள். பார்க்க ஏறி வந்தார்கள்.

நகைக்கடை ரத்தினம்மாதான் ஆரம்பித்தாள். "அடியே, இது என் மருமக பாவாடை!" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இன்னொருத்தி, "இந்தக் கோடு எங்க வீட்டுக்காரரு பைஜாமா!" என்றாள். அவ்வளவுதான், எல்லாரும் தேட ஆரம்பித்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு துண்டில் விரல் வைத்து ஒரே கும்மாளம். "டிசைன் ஒத்து வரணும்னு அரைக் கஜம் கூடக் கேட்டியே சந்திரமதி, நல்லா ஒத்து வந்திருக்கு!" என்று ரத்தினம்மா என் முதுகில் தட்டினாள். நானும் சிரித்தேன். இப்படியே சிரித்து முடித்துவிட்டால் தப்பித்தேன் என்று நினைத்தேன்.

தமயந்தி கூட்டத்துக்குள் நுழைந்து வந்தது. நல்ல நாளுக்கு என்று அதே மஞ்சள் கவுனைப் போட்டிருந்தது. நேராக நடுவில் தொட்டது.

"அம்மா, என் துணி."

சிரிப்பு நின்றது. எல்லாரும் போர்வையின் நடுவைப் பார்த்தார்கள். பிறகு அந்த வெள்ளைக் கைகளைப் பார்த்தார்கள். ஒருத்தருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பூவம்மா கீழே நின்றுகொண்டிருந்தாள். "பத்தலைன்னீங்களேக்கா" என்றாள். உரக்கக்கூடச் சொல்லவில்லை.

14 ஜனவரி. பொங்கல்

பானை பொங்கியது. சாப்பிடவில்லை.

வீட்டுக்காரர் சொன்னார்: "கண்காட்சியில பொருளைக் காட்டுவாங்க. நீ உன்னையே காட்டிட்டு வந்துட்டே." 

யாரிடமும் இல்லாத துணி என்றுதானே அதை நடுவில் வைத்தேன்? யாரிடமும் இல்லாததால்தான் யாருடையது என்று தெரிந்தது. இதைக்கூட யோசிக்காதவள் என்ன வியாபாரி —

பாத்தியாடி சந்திரமதி. இப்பவும் மாட்டிக்கிட்டதுக்குத்தான் அழுவுறே. எடுத்ததுக்கு எங்கடி அழுதே?

17 ஜனவரி, வியாழன்

ஹை ஸ்ட்ரீட் போனேன். அந்த ரோஜா இல்லை, தீர்ந்துவிட்டது. அதைவிட உசத்தியாக ஒன்றை மூன்று கஜம் வாங்கிக்கொண்டு பூவம்மா வீட்டு வாசலில் நின்றேன்.

"என்னக்கா இது?"

"பிள்ளைக்கு."

"பிள்ளைக்குத் துணி இருந்துச்சேக்கா." பொட்டலத்தை அவள் தொடவே இல்லை. "இவரு கடைக்காரன்கிட்ட வயசு சொல்லி, உயரம் காட்டி, கேட்டு வாங்கினாரு. பத்தலைன்னதும் மனுஷன் ரெண்டு நாளு சரியா சாப்பிடல. புள்ளைக்கு ஒரு கவுனுக்குத் துணி வாங்கத் துப்பில்லாத அப்பன்னு தன்னையே திட்டிக்கிட்டு கிடந்தாரு. அதுக்கு எத்தனை கஜம் தருவீங்க?"

நீட்டிய பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டேன். 

கதவைச் சாத்தினாள். படாரென்று அடித்திருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

20 ஜனவரி, ஞாயிறு

ஃபிளாஸ்க்கைச் சமூக நிலையத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அங்கிருந்த குமாஸ்தா, "ஏம்மா, மூடி சரியில்லையா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்கும் பொய்.

போர்வையின் நடுவைப் பிரித்தேன். மஞ்சள் துண்டுகளைத் தேய்த்து, ஒட்டி, இரண்டு கைகள் தேறுமா என்று மேஜையில் அடுக்கிப் பார்த்தேன். எல்லாம் உள்ளங்கை அளவு முக்கோணம். ஓரமெல்லாம் ஊசி ஓட்டை. ரோஜா ஒன்றுகூட முழுசாக இல்லை. முழுத்துணியாக இருந்தபோது நல்ல பஃப் கை வந்திருக்கும். முழங்கை வரைக்கும்கூட வந்திருக்கும்.

3 மார்ச், ஞாயிறு

நோன்புப் பெருநாள் முடிந்தது. போன வருஷம் மூன்று மெஷினும் ஓய்ந்ததில்லை. இந்த வருஷம் ஒன்று ஓடியது, அதுவும் பாதி நாள்.

"எங்க சொந்தக்காரங்களே வர மாட்டேங்குறாங்கக்கா" என்றாள் சம்சுன்னிசா. "அந்த வீட்டுல சட்டை கொடுத்தா பாதி போர்வையாயிரும்னு சிரிக்குறாங்க."

"நீ அன்னைக்கே என்னைத் தடுத்திருக்கலாம்ல?"

"தடுத்தா கேட்டிருப்பீங்களாக்கும்?"

இல்லை.

இப்போது தைத்த துணியோடு மிச்சத்தையும் சுருட்டி, நூலால் கட்டிக் கொடுக்கிறேன். விரல் அகலத் துண்டாக இருந்தாலும் சரி. அரைக் கஜம் கூடக் கேட்பதும் இல்லை. ரத்தினம்மா சுருளைப் பார்த்துவிட்டு, "பயந்துட்டியா? விடு சந்திரமதி, நீ மட்டுமா எடுக்குறே, எல்லா டைலரும் எடுக்குறவன்தான்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட அதே வார்த்தை. அடுத்தவள் வாயில் கேட்கும்போது கூசுகிறது.

11 ஜூன்

கடை வரிசை முன்னால் அஞ்சடி நடைபாதையில் தமயந்தி எதிரே வந்தது. என்னைக் கண்டதும் வெயிலில் இறங்கி ரோட்டைக் கடந்துவிட்டது. வளர்ந்திருக்கிறது.

22 ஆகஸ்ட், வியாழன்

இரண்டு மெஷினை விற்றேன். வாங்கியவன் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போனான். கட்டிலை மறுபடி உள்ளே போட இடம் வந்துவிட்டது. வீட்டுக்காரர் அதில் படுத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தார்.

6 அக்டோபர் 1963, ஞாயிறு

தமயந்தி தனியாக மாடி ஏறி வந்தது. கையில் ஒரு பொட்டலமும் காலிக் காகிதப் பை ஒன்றும். உள்ளே வராமல் வாசற்படியில் நின்றது.

"தீபாவளிக்குத் தைக்கணும்."

"அம்மா அனுப்பிச்சுச்சா?" என்றேன்.

"ஆமா. வேற எடத்துல பள்ளிக்கூடச் சட்டை தச்சோம், ஒரு தடவை துவைச்சதுக்கே தையல் விட்டுப்போச்சு. உங்க தையல்தான் நிக்கும்னு சொன்னுச்சு." கொஞ்சம் தயங்கியது. "வெட்டும்போது பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு வரச் சொன்னுச்சு."

"நில்லும்மா" என்றேன்.

பெரியம்மா என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

நீலத் துணி, சின்ன வெள்ளைப் பூ. அளவெடுத்தேன். சாக்கட்டியால் கோடு போட்டேன். இந்தக் கையால் எத்தனை ஆயிரம் துணி வெட்டியிருப்பேன்! பன்னிரண்டு வயதுப் பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்க, கத்தரி கோட்டைவிட்டு விலகப் பார்த்தது. "இது என்ன?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டது. இது முன்பக்கம். இது கழுத்துப் பட்டி. இது ரெண்டும் கை. சொல்லிச் சொல்லி வெட்டினேன். விழுந்ததையெல்லாம் குனிந்து பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டது. மெஷின் காலடியில் கிடந்த ஒரு நறுக்கை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, "இது எங்க துணி இல்ல" என்று என்னிடம் நீட்டியது. வாங்கிக்கொண்டேன்.

"எப்ப வரட்டும்?"

"சனிக்கிழமை."

அது இறங்கிப் போனதும் ஜன்னலுக்கு வந்தேன். கீழே அஞ்சடித் தூணோரம் பூவம்மா நின்றிருந்தாள். இவ்வளவு நேரமும் அங்கேயேதான் நின்றிருக்கிறாள். பிள்ளையிடமிருந்து பையை வாங்கி, தெருவில் வைத்தே பிரித்து, ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்தாள்.

பார்க்கட்டும். நான் ஜன்னலைவிட்டு நகரவில்லை.