எனக்கு மட்டும் ஊசி இல்லை

அன்புள்ள நிமி அப்பாவுக்கு,

போனில் பேசினால் நிமி பக்கத்திலேயே வந்து நிற்கிறாள். அதனால்தான் கடிதம்.

டெங்குவுக்கான புதுத் தடுப்பூசியைச் சோதிக்க ஆள் கேட்டு ஒரு மலையாள டாக்டரம்மா நம் எஸ்டேட்டுக்கு வந்தார். ஒருவரும் அசையவில்லை.

"நாம என்ன எலியா?" என்றார் அடுத்த வீட்டுச் சூசையப்பண்ணன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "போன மழையில டெங்கு வந்து சுருளியம்மா செத்தத மறந்துட்டீகளா? நான் போட்டுக்கிடுதேன்" என்று எழுந்தேன். என் பின்னால் நம் லயத்து வீட்டுச் சனமே வரிசையில் நின்றது. பரிசோதனைக்கு எல்லாரிடமும் ரத்தம் எடுத்தார்கள்.

கடைசியில் என்னை மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்கள். டாக்டரம்மா தனியே அழைத்து, "சேச்சிக்கு ஊசி இல்ல. இது மூணாவது மாசம்" என்று சிரித்தார். நாற்பத்திரண்டு வயதில்! வெளியே வந்து, ரத்தம் குறைவாம் என்று சொல்லி வைத்தேன்.

காலேஜ் போகும் மகளிடம் இதை நான் எப்படிச் சொல்வேன்? ஈஸ்டருக்கு லீவு போட்டு வந்தது நீங்கள்தானே! நீங்களே வந்து சொல்லுங்கள்.

வெட்கத்துடனும் சந்தோஷத்துடனும்,
உங்கள் வீட்டுக்காரி