நெல்லிப்பாறை அஞ்சலகத்தில் மூன்று நாள்

ஜூன் 12, 2025. வியாழன்

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் இன்றைக்கும் பத்தே முக்காலுக்குத்தான் மலை ஏறியது. பையில் நான்கு தபால். தபால் கணக்கு ஏற்றும் கைக்கருவிக்கு சிக்னல் இல்லை. வழக்கம்போல் அலுவலகத்துக்குப் பின்னால் பாறைமேல் ஏறி அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரலாற்றில் எம்.ஃபில்., ஐம்பத்திரண்டு வயது, நெல்லிப்பாறையின் கிளை போஸ்ட்மாஸ்டர். ஆடு ஓட்டிப் போன பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கட்டும்.

மதியம் இன்ஸ்பெக்டர் அருள்குமார் ஃபோன் செய்தார். ஆகஸ்ட் முதல் தேதியோடு இந்த அஞ்சலகத்துக்கு நூறு வயதாம். விழா வைக்கிறார்கள். "ஒரு பக்கத்துக்கு வரலாறு எழுதிடுங்க சார். நீங்கதான் ஹிஸ்டரி ஆச்சே." இருபத்து நான்கு வருஷ வேலையில் என் படிப்பை ஒருவர் நினைவில் வைத்துக் கேட்பது இதுதான் முதல் முறை. அதுவும் ஓசியில்.

தேதியைப் பார்த்தேன். ஜூன் 12. அருள்குமாருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

ஜூன் 16, திங்கள்

எழுத ஆரம்பித்துவிட்டேன். 1925. மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர்களுக்காகத் திறந்தது, ஊருக்காக அல்ல. முதல் ஓட்டக்காரர் பச்சியப்பன், கையில் மணி கட்டிய ஈட்டியோடு காட்டுப்பாதையில் பையைத் தூக்கி வந்தவர். 1961-இல் பஸ் வந்தது. ஓட்டம் நின்றது. 1978 முதல் 2013 வரை தபால்காரர் ராஜப்பன்.

ராஜப்பனுக்கு ஒரு வாக்கியம் என்னிடம் தயாராக இருக்கிறது. இருபத்தேழு வருஷமாக.

"1998 ஜூன் 9 அன்று வந்து சேர்ந்த ஒரு பதிவுத் தபாலை ராஜப்பன் மூன்று நாள் கையிலேயே வைத்திருந்ததால், இவ்வூர் இளைஞர் ஒருவர் கல்லூரி விரிவுரையாளர் பணிக்கான நேர்முகத் தேர்வை இழந்தார்."

அந்த உறை இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. பின்பக்கம் ஒன்பதாம் தேதி முத்திரை. நேர்முகம் பதினொன்றாம் தேதி, சேலத்தில். நான் அப்போது வாரம் முழுக்கப் பாப்பிரெட்டிப்பட்டியில் தங்கி டியூட்டோரியலில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் தேதி வெள்ளி சாயந்திரம் பஸ்ஸைவிட்டு இறங்குகிறேன், நிறுத்தத்திலேயே நின்று உறையை நீட்டுகிறான் மனுஷன். ஏன் என்று கேட்டதற்கு ஒரே பதில்: "தப்பு நடந்து போச்சு தம்பி. மன்னிச்சுக்கங்க."

நான்கு பக்கம் புகார் எழுதினேன், ஆங்கிலத்தில். மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அப்போதும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு நானே இங்கே போஸ்ட்மாஸ்டராக வந்து பன்னிரண்டு வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். பையைக் கொடுப்பேன், கணக்கை வாங்குவேன். வேறு பேச்சு கிடையாது. அவன் ஓய்வு பெற்ற நாளில் ஒரு டீகூட வாங்கித் தரவில்லை. இதற்கு நான் வருந்தியதே இல்லை.

ஜூன் 21, சனி. சந்தை

ராஜப்பனின் மகள் வெண்மதி புளிக்கூடையோடு ஜன்னலுக்கு வந்தாள்.

"சார், ஆபீசைப் பத்தி என்னமோ எழுதுறீங்களாமே. எங்கப்பா பேரு அதுல வருங்களா? வூட்ல தெனமும் கேட்டு உசுர வாங்குறாரு."

"வரும்" என்றேன்.

"சந்தோசமுங்க சார். பழைய காக்கிச் சட்டையக்கூடத் தொவச்சுப் போடச் சொல்லிட்டாரு."

சொன்னது பொய்யில்லை. பெயர் வரத்தான் போகிறது.

ஜூன் 22, ஞாயிறு

மழை. மனைவி சுகுணாவும் மகளும் தர்மபுரியில். ஃபோன் வரவில்லை. நானும் செய்யவில்லை.

ஜூலை 3, வியாழன்

ஓட்டக்காரர்களின் பெயர்களுக்காகப் பைகளுக்குக் கீழே கிடந்த மரப்பெட்டியைத் திறந்தேன். எப்போதோ அழித்திருக்க வேண்டிய பழைய பதிவேடுகள். யாரும் அழிக்கவில்லை, எலிதான் கொஞ்சம் அழித்திருந்தது. 1998-இன் பட்டுவாடாப் புத்தகம் கையில் வந்தது. ஆதாரம் இன்னும் பலமாகட்டும் என்றுதான் பிரித்தேன்.

என் பெயர். பதிவு எண். அதற்கு எதிரே ராஜப்பனின் குச்சி எழுத்து.

ஜூன் 9. ஆள் ஊரில் இல்லை. தகப்பனார் வாங்கவில்லை. கைநாட்டு.
ஜூன் 10. தகப்பனார் வாங்கவில்லை. கைநாட்டு.
ஜூன் 11. தகப்பனார் வாங்கவில்லை. கைநாட்டு.
ஜூன் 12. பஸ் நிறுத்தத்தில் கொடுத்தது.

மூன்று கைநாட்டிலும் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. சாமை அறுக்கையில் அரிவாள் பட்ட தழும்பு. என் பள்ளிக்கூட மதிப்பெண் அட்டைகள் அத்தனையிலும் இருக்கிற அதே கோடு.

அப்பா.

ஜூலை 4, வெள்ளி

ஏன்? எதுக்கு? செத்து இருபத்திரண்டு வருஷமாகுது, யாரைப் போய்க் கேக்குறது?

ஜூலை 5, சனி

கேட்டுவிட்டேன். அலுவலகம் முடிந்ததும் ராஜப்பன் வீட்டுக்குப் போனேன், புத்தகத்தோடு. மேல்தெரு வளைவில் இருக்கிற அந்த வீட்டுக்குள் இதுவரை கால் வைத்ததில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழப் பார்த்தார். எழுபத்தேழு வயது. புத்தகத்தைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"இத இன்னும் எரிக்கலீங்களா சார்?"

"ஏன் வாங்கலன்னாரு?"

"உங்க பெரியப்பாவோட நிலத்துக் கேசு அப்ப உச்சத்துல இருந்துச்சு. காக்கிக் கவர்னாலே கோர்ட்டு சம்மன்னு நெனப்பு அவருக்கு. கையில வாங்குனாத்தான கேசு நகரும், வாங்கவே மாட்டேன்னாரு. வாங்கலங்கறதுக்குத்தான் அந்தக் கைநாட்டு. உங்க பேரையும் கேசுல சேத்திருந்தாங்க இல்லீங்களா? பையன் பேருக்கு வந்தாலும் வேணாம்னாரு. நானும் கவர் மேல எழுத்துக் கூட்டிப் பாத்துச் சொன்னேன், இது காலேஜு மாதிரி இருக்குங்கன்னு. போடா, உனக்கு இங்கிலீசு தெரியுமான்னாரு. தெரியாது. என்ன சொல்றது?"

"திருப்பி அனுப்பியிருக்கலாமே."

"மறுப்புன்னு எழுதியிருந்தா அன்னைக்கே கீழ போயிருக்கும். உங்க கைக்கு வராமயே போயிருக்கும். அதான் பையிலயே வெச்சுக்கிட்டு தெனமும் போய்க் கேட்டேன். பாப்பிரெட்டிப்பட்டிக்கு ஆள் அனுப்பியிருக்கணும், தோணல. தப்பு என்னுதுதான்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே ராஜப்பன்!" என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. உள்ளிருந்து வெண்மதி எட்டிப் பார்த்தாள்.

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நீங்க கவர வாங்கிட்டுப் போன அன்னைக்கி ராத்திரியே உங்கப்பா வந்து கையப் புடிச்சுக்கிட்டாரு. எம் பையன் பெரிய படிப்பு படிச்சவன், எழுத்தறியாத நாய் எங்குடியக் கெடுத்துருச்சுன்னு நெனைப்பான்டா, சொல்லிடாதன்னாரு. வாக்குக் குடுத்துட்டேன். விசாரணையிலயும் இந்தப் புத்தகத்த எடுத்துக் காட்டல."

அப்படி நினைத்திருப்பேனா? நினைத்திருப்பேன். சொல்லியும் இருப்பேன். அப்பாவுக்கு என்னை நன்றாகவே தெரிந்திருக்கிறது.

காபி வந்தது. குடித்தேன். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. தமிழில் இல்லை, நான்கு பக்கம் எழுதிய ஆங்கிலத்திலும் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

ஒருவரைத் திட்டிக்கொண்டே பாறை ஏறுவதும் திட்டிக்கொண்டே சோறு பொங்குவதுமாகப் பழகிவிட்டது. இப்போது வீட்டில் சத்தமே இல்லை.

ஜூலை 19, சனி

வாக்கியத்தை அடித்துவிட்டேன். உண்மையை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். வரலாற்றுக்காரன் எழுதத்தான் வேண்டும். எழுதினால் அப்பாவின் கைநாட்டு சபைக்கு வரும். ராஜப்பன் மூன்று மாதம் வேலையில்லாமல் கிடந்து காத்தது அதைத்தான்.

புது வாக்கியம்: "தபால்காரர் ராஜப்பன் முப்பத்தைந்து வருஷம் இந்த மலையில் நடந்தார், ஒப்படைத்ததை உரியவர் கையில் சேர்க்கும்வரை பத்திரமாக வைத்திருந்தார்."

புத்தகத்தைப் பெட்டியிலேயே போட்டுவிட்டேன். மிச்சத்தை எலி பார்த்துக்கொள்ளும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

விழா. அருள்குமார் காதோரம், "ரெண்டே நிமிஷம் சார், பஸ் போயிடும்" என்றார். ஒப்பந்தக்காரர்களை விட்டுவிட்டேன். பச்சியப்பனையும் ராஜப்பனையும் மட்டும் வாசித்தேன். இரண்டாம் வரிசையில் காக்கிச் சட்டை. காது அவ்வளவாகக் கேட்காது. வெண்மதி குனிந்து சொல்ல, அவர் தலையாட்டினார். நான் எழுதியதைச் சொன்னாளா, சுருக்கிச் சொன்னாளா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

பை வருகிற நேரத்துக்கு ஜன்னலில் ராஜப்பன்.

"தபால் எதாச்சும் இருக்குங்களா சார்?" அவருக்கு யார் எழுதப் போகிறார்கள்?

"இன்னும் பிரிக்கலீங்க. உள்ள வாங்க."

கொஞ்ச நேரம் ஜன்னலிலேயே நின்றார். பிறகு சுற்றி வந்து பழைய ஸ்டூலில் உட்கார்ந்தார். தேதி முத்திரையை அவர் பக்கம் நகர்த்தினேன். கண்ணருகே பிடித்து எண்ணை மாற்றி, பழைய தாளில் ஒன்று குத்திப் பார்த்து, "சரியா இருக்குங்க" என்றார்.

தேதியில் 2 தலைகீழாக இருந்தது.

"சரியா இருக்குங்க" என்றேன். வந்த மூன்று தபாலையும் அவர் கிளம்பும்வரை குத்தாமல் வைத்திருந்தேன்.