உங்களுக்கென்றே அறுத்த சேவல்

ஞாயிறு, வெள்ளவத்தை.

இன்று வீட்டில் நான், மகள் வசந்தி, மருமகன் குகன், பேத்தி தர்ஷினி. அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் சமனும் தாய் குசுமாவும், புத்த சமயத்தவர்கள்.

குசுமா சேவல் கறியைச் சோற்றோடு பிசையும்போது குகன் பெருமையாகச் சொன்னான்: "உங்களுக்கெண்டே காலமை அறுப்பிச்சனான்."

அவள் கறியை ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "கடை இறைச்சியெண்டால் நாங்கள் சாப்பிடுவம் அம்மா. எங்களுக்கெண்டு கொன்றதைத் தொடமாட்டம்."

தர்ஷினிக்குக் கண் கலங்கியது. குகன் சமாளிக்கச் சாராயப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தான்.

"பஞ்சசீலத்தில அதுவும் கூடாது" என்று குசுமா சிரித்தேவிட்டாள். பிறகு என் பருப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினாள். போகும்போது வசந்தியின் கையைப் பிடித்து, "அடுத்தமுறை பருப்பே போதும், சம்பந்தி" என்றாள்.

சம்பந்தி என்றாளே, அது போதும்.

ஆனால் மருமகன் தன் கலியாணத்தன்றும் இப்படித்தான் யோசிக்காமல் வாயைவிட்டான். மன்னிக்கமாட்டேன், குகனை.