புதுக் கார்பன்

மூணாறு
14-8-1974

தங்கை மூக்கம்மாளுக்கு, டைப் அடிக்கிற சந்தனம் அண்ணன் எழுதுவது. இதைப் படித்துச் சொல்லப்போகும் உன் மகள் அழகுத்தாய்க்கு ஒரு வார்த்தை: பக்கத்தில் யாராவது இருந்தால் மடித்து வைத்துவிட்டுப் பிறகு படி.

எருத்தேன்பதியில் இருவருக்கும் காட்டு வேலை கிடைத்ததாக லாரிக்கார வேதமுத்து சொன்னார். விலாசமும் அவர் கொடுத்ததுதான். இங்கே பன்னிரண்டு நாளாக மழை. உங்கள் எஸ்டேட் லயத்து வீட்டில் வேறு குடும்பம் வந்துவிட்டது. உன் கோழிகளை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

அழகுத்தாயைப் பங்களாவுக்கு வரச் சொல்லித் தொந்தரவு செய்த ஃபீல்டு ஆபீசர் மேல் லேபர் ஆபீசுக்கு மனு அடிக்க வந்தாய். கல்யாண வயதுப் பிள்ளை, பேர் வெளியே வந்துவிடாதே அண்ணே என்று மூன்று தடவை கேட்டாய். என் மிஷினைத் தாண்டிப் போகாது என்று பெரிய மனுஷனாட்டம் சொன்னேன்.

கண் மங்கிவிட்டதால் அந்த மாதமே மிஷினை எஸ்டேட் ஆபீசுக்கு விற்றேன். எண்ணெய் போட்டேன், ரிப்பனை மாற்றினேன், என்னிடம் இருந்த நகல்களையெல்லாம் எரித்தேன். மூடியின் உள்பையில் கார்பன் தாள்கள் இருந்ததை மறந்தேன். நாலைந்து தடவை அடித்த கார்பனில் எழுத்து மேல் எழுத்து விழுந்து ஒன்றும் விளங்காது. உன் நகல் பளிச்சென்று இருக்கட்டும் என்று நான்தான் புதுத் தாள் போட்டேன். ஒரே தடவை அடித்தது. ஆபீஸ் கிளார்க் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறான். பிள்ளையின் பெயர் வரைக்கும் தெரிந்திருக்கிறது.

மறு வாரம் உனக்கு வேலை போனது, வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள், லயம் முழுக்கப் பிள்ளையைப் பற்றித்தான் பேச்சு. யார் சொல்லியிருப்பார்கள் என்று என்னிடமே வந்து அழுதாய். அன்று எனக்கும் தெரியாது. போன வாரம் டீக்கடையில் கிளார்க் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குக் கோபம்கூட வரவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன்.

லேபர் ஆபீசிலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். மனு கொடுத்தவர் ஊரில் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். நான் போய்ச் சாட்சி சொல்லத் தயார். ஆனால் கேட்காமல் இனி உங்கள் பெயரை எங்கேயும் சொல்ல மாட்டேன்.

அழகுத்தாயி, அதை அம்மா முடிவு செய்ய வேண்டாம், நீயே சொல். வேண்டாம் என்றால் அதுவும் சரிதான். பதில் எழுதாவிட்டால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிறேன். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. கையால் எழுதியது, அடியில் கார்பன் வைக்கவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும் தாயி.

இப்படிக்கு,
சந்தனம்