ஐந்தாவது வாசனை

ஜூன் 3, புதன்

காய்ச்சல் விட்டு நான்கு நாள் ஆகிறது. காலையில் பால் பொங்கி வழிந்து கருகியிருக்கிறது. அடுப்புக்குப் பக்கத்திலேயே நான் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அப்பாதான் ஓடிவந்து அணைத்தார்.

"மூக்கைக் கழட்டி எங்க வச்சே?"

புகை கண்ணெதிரே சுழன்றது. ஆனால் வெறும் படம். காப்பித்தூள் டப்பாவுக்குள் முகத்தை விட்டு இழுத்துப் பார்த்தேன். காற்று. நாக்கில் உப்பு வைத்தேன். மணல்.

ஜூன் 4, வியாழன்

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாள்களுக்குப் பிழை திருத்துவது என் வேலை. இன்று அச்சகத்தில் கையில் வந்த தாளில் ஒரு வரி: "அரிதாக, முகரும் திறன் குறையலாம்." அரிதாக. பிழை எதுவும் இல்லை.

சாயங்காலம் மூக்கு டாக்டர். "வந்துடும். எப்பன்னு சொல்ல முடியாது. மூக்குக்கு ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கணும்." எலுமிச்சை, கிராம்பு, பன்னீர், யூகலிப்டஸ் தைலம். தினமும் ஒவ்வொன்றையும் கண்ணை மூடி இருபது விநாடி முகர வேண்டும். "உங்களுக்கு நல்லாப் பழகின வாசனை ஏதாவது இருந்தா அதையும் சேர்த்துக்குங்க."

ஜூன் 5, வெள்ளி

ஐந்தாவது வாசனை எதுவென்று யோசிக்கவே இல்லை. கால் தானாகப் போய் அம்மாவின் அலமாரி முன் நின்றது.

அது என் அறையில்தான் இருக்கிறது. அம்மா போய் இரண்டு வருடம். அப்பாவுக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம்: அம்மாவின் பிறந்தநாளன்று மட்டும், இருவரும் சேர்ந்து, ஒரே ஒரு நிமிடம் திறப்போம். போன முறை அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். உள்ளே அவள் வாசனையாக அப்படியே இருந்தாள். நிமிடம் ஆனதும் மூடினோம்.

அப்பா காலை நடைக்குப் போனதும் சாவி போட்டுத் திறந்தேன். சேலைகளுக்குள் முகத்தைப் புதைத்தேன். இருபது விநாடி.

ஒன்றுமில்லை.

ஜூன் 9, செவ்வாய்

இன்றும் இல்லை. ஒரு நிமிடம் நின்றேன்.

அப்பா நடையிலிருந்து திரும்பியவர், என் அறையை ஒட்டிய நடைவழியில் அப்படியே நின்றுவிட்டார். ஒரு கையில் செருப்பு.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லம்மா."

ஜூன் 12, வெள்ளி

நடைவழியில் போகும்போது அப்பா சுவரோரமாக ஒதுங்கி நின்றார். யாருக்கோ வழி விடுவதுபோல. அங்கே நான்கூட இல்லை, சமையலறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, ரொம்ப சாதாரணமாக, "உங்கம்மா வந்துட்டுப் போறா" என்றார்.

முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மோட்டார் எரிவதற்கு முன்பே வாசனையில் கண்டுபிடித்துவிடுவார். பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள். அவர் கண்ணில் பயமே இல்லை. நான்தான் போய் நடைவழி விளக்கைப் போட்டேன்.

ஜூன் 15, திங்கள்

சோறு, காகிதம். பழம், ஈரக் காகிதம். என் சட்டையை முகர்ந்தேன், என் கையை, தலைமுடியை. நான் எங்கும் இல்லை. இந்த வீட்டில் ஆவி யாராவது உண்டென்றால், பசிக்காமல் ருசிக்காமல் அறை அறையாக அலைகிற நான்தானோ?

ஜூன் 17, புதன்

மாடிவீட்டு அக்கா சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். நடைவழியில் நாலு எட்டு வைத்தவள் நின்றாள்.

"என்னடி இது... அம்மா வாசனை அடிக்குது?"

கையைத் தேய்த்துக்கொண்டாள். உட்காரச் சொன்னேன். அடுப்பில் வேலை இருக்கிறது என்று போய்விட்டாள், சல்லடையும் கையுமாகவே.

அப்படியென்றால் அப்பாவின் பிரமை இல்லை. அம்மா நிஜமாகவே வருகிறாள். எல்லோருக்கும் தெரிகிறது. எனக்கு மட்டும்... ஏன்மா? நான் என்ன பண்ணேன்?

ஜூன் 19, வெள்ளி

வெளியூரிலிருந்து அண்ணன் போன். அப்பா அவனிடமும் சொல்லிவிட்டார்.

"அப்பாவுக்கு மறதி நோய் ஆரம்பிச்சிருக்கு. அடுத்த சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன். டாக்டர்கிட்டக் காட்டிட்டு, இனிமே இங்கயே இருக்கட்டும்."

"அவர் நல்லாத்தான் இருக்கார்."

"செத்தவங்களுக்கு வழி விடுறாராம், நல்லா இருக்காராம்!"

ஜூன் 21, ஞாயிறு

அப்பா வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். "ஞாயித்துக்கிழமை மட்டும் வரமாட்டேங்குறா. பாரேன், போன வாரமும் வரல. அதுக்கு முந்தின வாரமும் வரல."

ஞாயிற்றுக்கிழமை அப்பா நடக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் அலமாரியைத் திறப்பதில்லை.

குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ஐயோ. ஒரு நிமிடத்துக்குக் கடிகாரம் பார்த்த வீட்டில் பதினான்கு நாள் கதவைத் திறந்துபோட்டு, முகர முடியாத மூக்கால் அவளைக் கொட்டித் தீர்த்திருக்கிறேன்.

ஜூன் 24, புதன்

திறப்பதை நிறுத்திவிட்டேன். அப்பா காத்திருக்கிறார். "கோச்சுக்கிட்டாளோ?"

அண்ணனிடம் உள்ளதைச் சொன்னேன். சிரித்தான். "ஒரு அலமாரியைத் திறந்தா வீடெல்லாம் மணக்குமா? உனக்குத்தான் மூக்கே இல்லையே, நீ எப்படிச் சொல்றே?"

போனை வைத்தேன்.

ஜூன் 26, வெள்ளி

உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறதென்று எனக்குத் தெரிய வழியில்லை. பூட்டி வைத்தால் என்றைக்காவது எனக்குக் கிடைக்கலாம். திறந்தால் அண்ணனே நம்புவான், அப்பா இங்கே இருப்பார். மறுபடி மறுபடி இதையே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 27, சனி

விடிந்ததும் அலமாரியின் இரண்டு கதவையும் விரியத் திறந்தேன். மடித்த சேலைகளை உதறிப் பிரித்தேன். மேஜை மின்விசிறியை அலமாரிக்குள் வைத்து, நடைவழியைப் பார்க்கத் திருப்பி, அறைக்கதவை ஒரு சாண் விட்டுச் சாத்தினேன்.

பத்து மணிக்கு அண்ணன் வந்தான். "கிளம்புங்கப்பா, துணியெல்லாம்..." என்று பேசிக்கொண்டே வந்தவன் நடைவழியில் நின்றான். வாய் திறந்தபடியே இருந்தது. நாற்பது வயது ஆள், குழந்தை மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அப்பா அவன் தோளைத் தொட்டார். "ஒதுங்கி நில்லுடா. வர்றா."

அண்ணன் ஒதுங்கி நின்றான்.

சாயங்காலம் தனியாகவே ஊர் திரும்பினான்.

ஜூலை 1, புதன்

நடைவழியில் யாரும் ஒதுங்குவதில்லை.

ஜூலை 4, சனி

எலுமிச்சை.

நகத்தால் கீறியதும் ஊசிபோல ஏறியது. பிறகு கிராம்பு, தரை, ஈரத் துண்டு, அப்பாவின் தலையணையில் எண்ணெய். எல்லாம் ஒரே சத்தமாக, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து. ஓடிப்போய் அலமாரியைத் திறந்தேன்.

மரம். துணி. நல்ல சுத்தமான துணி.

எவ்வளவு நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேனோ. நிமிர்ந்தால் வாசலில் அப்பா. திறந்த கதவைப் பார்த்தார், என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"பதினஞ்சு நாள்ப்பா."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உனக்கு ஒரு தடவையாவது கிடைச்சாளா?"

இல்லையென்று தலையை ஆட்டினேன்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முதல்ல இஸ்திரி போட்ட சூடு," என்றார். "அப்புறம் பவுடர். இல்ல இல்ல, பவுடர் கடைசியில. நடுவுல அந்த மூட்டுவலித் தைலம். அதுக்கும் அடியில ஒண்ணு இருக்கு. இரு, அதுக்கு என்ன பேர்னு தெரியல... மழை பெய்யப்போற நேரத்துல இரும்பைத் தொட்டா கையில வருமே, அது மாதிரி. ஆனா இனிப்பா."

நான் நோட்டை எடுத்துவந்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தேடித் தேடிச் சொன்னார், நான் எழுதினேன். அலமாரியை மூட இருவருக்கும் தோன்றவில்லை.