பெட்ரல் கப்பலைச் சாய்த்துப் பார்த்த கணக்கு

டம்பார்ட்டன்
4 மார்ச் 1873

அன்புள்ள எஃபிக்கு,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. என்னை விட்டுப் போன இந்த ஐந்து மாதமாக, உன் தம்பி லாக்லன் வீட்டில் உட்கார்ந்து மூன்று வேளையும் என்னைத் திட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாய் என்று அவனே சொன்னான்.

நேற்று பெட்ரல் நிலையாக மிதக்கிறதா என்று சாய்த்துப் பார்த்தோம். ஐந்து ஐந்து டன்னாக மூன்று இரும்புக் குவியல். ஒவ்வொன்றாக இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினோம். நடுவில் பதினைந்தடி நூலில் தூக்குக்குண்டு. முதல் குவியலுக்குக் குண்டு மூன்று அங்குலம் நகர்ந்தது. இரண்டாவதுக்கு இரண்டு. மூன்றாவதுக்கு ஒன்றே ஒன்று. சராசரி இரண்டு அங்குலம். இவ்வளவு ஒல்லியான உடம்பும் இவ்வளவு உயரமான மேல்தளமும் கொண்ட கப்பலை இந்த ஆற்றில் யாரும் கட்டியதில்லை. அது இரண்டங்குலம்தான் அசைகிறது.

விருந்தாளிகளை வைத்துக்கொண்டு, "இது முதல் காத்துக்கே படுத்துக்கும்" என்றாயே, நினைவிருக்கிறதா? நான் உன் கணக்கை அடுப்பங்கரைக் கணக்கு என்று சொன்னதும் தப்புத்தான். ஆனால் யார் சொன்னது சரி என்று இப்போது தெரிந்துவிட்டது. சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். 27ஆம் தேதி வெள்ளோட்டம். தலைமை இன்ஜினியர் உன் தம்பிதான்.

கோபத்தை விட்டுவிட்டு வந்து சேர். கஞ்சிப் பானை எங்கே? மெழுகு காய்ச்ச வேறு பாத்திரம் இல்லாமல் மாதிரிக் கப்பல் வேலையெல்லாம் நின்று கிடக்கிறது.

உன்
டங்கன்


லீத்
7 மார்ச் 1873

கணவர் அவர்களுக்கு,

பானை என்னிடம்தான் இருக்கிறது. அதில் கஞ்சி காய்ச்சுகிறோம். பதினோரு வருடம் உங்கள் மெழுகு வாசனையோடு கஞ்சி குடித்தவள் நான். உங்கள் மாதிரிக் கப்பல்களை வார்த்ததும் நான், கணக்குப் போட்டதும் நான். அந்த உரிமையில் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கடைசியாக வார்த்த பெட்ரலின் மாதிரிக் கப்பலையும்தான்.

உங்கள் கடிதத்தை லாக்லன் மனைவி ஜீனுக்கு வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். மூன்று, இரண்டு, ஒன்று என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். அவளுக்கு இது ஆறாவது மாதம்.

ஒரே எடை, ஒரே தூரம். அப்படியானால் மூன்று தடவையும் குண்டு ஒரே அளவு நகர வேண்டும். இது நீங்களே பட்டறையில் எல்லோருக்கும் சொல்கிற பாடம். குறைந்துகொண்டே வருகிறது என்றால் கப்பலை எதுவோ இழுத்துப் பிடித்திருக்கிறது. கரையில் கட்டிய கயிற்றைத் தளர்த்தினீர்களா, இல்லையா? சுவரில் சாய்ந்து நிற்கிற குடிகாரனைப் பார்த்து, இவன் தள்ளாடவே மாட்டான் என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறீர்கள்.

அதில் சராசரி வேறு. படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கயிற்றை அவிழ்த்துவிட்டு மறுபடி செய்யுங்கள். அந்தக் கப்பலில் என் தம்பி போகிறான்.

எஃபி


டம்பார்ட்டன்
11 மார்ச் 1873

எஃபிக்கு,

ஆமாம், கயிறு கட்டித்தான் இருந்தது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நாலும் இறுக்கமாக. அன்றைக்கு மேற்கிலிருந்து பலத்த காற்று. அவிழ்த்திருந்தால் கப்பல் எதிர்க்கரையில் போய் மோதியிருக்கும். காற்று நிற்கட்டும் என்று காத்திருக்கலாம் என்றேன். முதலாளி டுல்லக் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்றார். "கார்ஸ்வெல், கப்பல் கட்டச் சொன்னா ஜோசியம் பாக்குறீங்களே" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீ அங்கே இருந்திருந்தால் தெரியும்.

இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். லீத்தில் துணி துவைத்துக்கொண்டே என் கப்பலுக்குத் தீர்ப்பு எழுதுகிறாய். உனக்குக் கப்பல் மேல் அக்கறையில்லை. அன்று விருந்தில் பட்ட அவமானத்துக்குப் பழி வாங்குகிறாய், அவ்வளவுதான். மறு சோதனை கிடையாது. இதைப் பற்றி இனி எழுதாதே.

டங்கன்


லீத்
14 மார்ச் 1873

டங்கன் அவர்களுக்கு,

எழுதத்தான் போகிறேன். துணி துவைக்கிற தொட்டியிலேயே செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

லாக்லன் நேற்று இரண்டு நாள் விடுப்பில் வந்தான். அவனையும் ஜீனையும் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். உங்கள் மெழுகுக் கப்பலை மிதக்கவிட்டு, இரண்டு பக்கமும் நூலை இழுத்துக் கட்டி, உள்ளே ஆணிகளை ஒரு பக்கமாக நகர்த்தினேன். அசையவே இல்லை. "பாறை மாதிரி நிக்குதே" என்றான். நூலை அறுத்துவிட்டு மறுபடி நகர்த்தினேன். மெல்லச் சாய்ந்து, ஒரு கணம் யோசித்து, அப்படியே குப்புறக் கவிழ்ந்தது. ஜீன் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"வேலைய விட்டுடு" என்றேன்.

"மாட்டேன்கா. நான் எறங்கிட்டா, அத்தானோட சொந்த மச்சினனே அவர் கப்பல நம்பலன்னு ஆத்தங்கரை பூரா பேசுவாங்க. அவர் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா?"

"நீ உசுரோட நடக்க வேணாமா?"

"அத்தான் கையெழுத்துப் போட்டிருக்காரு. தெரிஞ்சே போடுவாரா?"

உங்கள் மானத்தைக் காப்பாற்ற அவன் கப்பல் ஏறுகிறான். நீங்கள் ஒரு கடிகாரத்துக்குப் பயந்து கையெழுத்துப் போட்டீர்கள். உங்களோடு வாழ்ந்ததற்கு இதுவரை நான் வெட்கப்பட்டதில்லை. நேற்று வெட்கப்பட்டேன்.

எஃபி


டம்பார்ட்டன்
19 மார்ச் 1873

அன்புள்ள எஃபி,

உன் கடிதம் வந்த அன்று அதைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்துப் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காற்றே இல்லை. பட்டறையும் காலி. மேஸ்திரியைக் கூப்பிட்டேன். "கர்த்தர் நாள்ல இரும்பத் தொட்டா, சபையில நிக்க வச்சு என் பேரப் படிப்பாங்கய்யா" என்று கதவைச் சாத்திவிட்டான். கடைசியில் நாலு ஐரிஷ் கூலியாட்கள் வந்தார்கள். "நாங்க விடியக் காலமே பூசை பாத்துட்டோம். எங்க சாமி எங்கள விட்டாச்சு, உங்க சாமிய நீங்க பாத்துக்குங்க" என்றான் ஒருவன். நானும் அவர்களோடு இரும்பு தூக்கினேன். கை இரண்டும் கொப்பளம்.

நாலு கயிற்றையும் தளர்த்திவிட்டேன். முதல் குவியலுக்கு நாலு அங்குலம். இரண்டாவதுக்கும் நாலு. மூன்றாவதை மாற்ற எனக்குத் தைரியம் வரவில்லை.

நீ சொன்னது சரி. இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

லாக்லனைப் பற்றிக் கவலைப்படாதே. டுல்லக்கிடம் வேறு காரணம் சொல்லி அவனை இன்னொரு கப்பலுக்கு மாற்றிவிட்டேன். சான்றிதழைத் திரும்ப வாங்க மட்டும் என்னால் முடியாது. வாங்கினால் அதோடு என் பெயர் முடிந்தது, இனி ஒரு தோணி கட்டக்கூட என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். பாய் விரிக்க வேண்டாம் என்று மாலுமித் தலைவன் காதில் போட்டு வைக்கிறேன். கடல் அமைதியாக இருந்தால் போய் வந்துவிடும். பிறகு பேசி மேல்தளத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

உன் தம்பி பிழைத்தான். நீ கேட்டது நடந்துவிட்டது. இனியாவது வீட்டுக்கு வா. இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு.

என்றும் உன்
டங்கன்


லீத்
21 மார்ச் 1873

திரு. டங்கன் கார்ஸ்வெல் அவர்களுக்கு,

லாக்லன் நேற்றே வந்துவிட்டான். ஜீன் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்காக உங்களுக்கு நன்றி. கொப்பளத்துக்கு வெண்ணெய் தடவுங்கள்.

அவனுடைய இடத்தில் யாரைப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். ஸ்டோர்னவேயிலிருந்து வந்த ரோரி மன்ரோவாம். கல்யாணமாகி எட்டு வாரம். "ரொம்ப சந்தோஷமா சாமானெல்லாம் கொண்டு வந்து எறக்கினான்கா" என்று சொல்லிவிட்டு லாக்லன் சாப்பிடாமல் எழுந்து போனான். இன்ஜின் அறையில் பன்னிரண்டு பேர். மேலே பத்தொன்பது பேர். அவர்களுக்கெல்லாம் அக்கா இல்லையா?

கயிறு கட்டியிருந்தபோது உங்களுக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டேன். முட்டாள்தனம் என்று திட்டினேன், அவ்வளவுதான். இப்போது உங்களுக்குத் தெரியும். நாலு அங்குலம் என்று தெரிந்தபின்னும் முப்பத்தொரு பேரை ஏற்றி அனுப்பிவிட்டு, என்னை வந்து கஞ்சி காய்ச்சச் சொல்கிறீர்கள். நான் கேட்டது நடந்துவிட்டது என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

கடிதத்தை எரிக்கவில்லை. பெட்ரலுக்குக் காப்பீடு கொடுத்த கிளாஸ்கோ அலுவலகத்துக்கு இன்று காலை என் கணக்கை அனுப்பிவிட்டேன். அவர்கள் காப்பீட்டை விலக்கினால் டுல்லக் கப்பலைக் கடலில் விட மாட்டார். அடுப்பங்கரைக் கணக்கு என்று அவர்களும் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் உங்கள் கடிதங்கள் மூன்றையும் அதோடு சேர்த்துத் தைத்தேன். மூன்று, இரண்டு, ஒன்று என்று எழுதியதை. கயிறு நாலும் இறுக்கம் என்று எழுதியதை. நாலு அங்குலம் என்று எழுதியதை. எல்லாம் உங்கள் கையெழுத்து, தேதியோடு. லாக்லனே ரயிலில் கொண்டு போயிருக்கிறான். அத்தானுக்குச் செய்கிற துரோகமா என்று வாசலில் நின்று கேட்டான். பிறகு அவனாகவே போனான்.

இதோடு உங்கள் பெயர் போகும். எனக்குத் தெரியும். அந்தப் பெயர்தான் எனக்கும் இருக்கிறது.

பானையை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். நன்றாகத் தேய்த்துக் கழுவியிருக்கிறேன், மெழுகு வாசனை போய்விட்டது.

யூஃபெமியா கார்ஸ்வெல்